மாரத்தான் ஓடுபவருக்கு ஆய்வகச் சோதனை தேவையா? பணம் கட்டுவதற்கு முன் கேட்கிறேன்

விடியல்ஓட்டம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கடந்த ஜனவரியில் சென்னை மாரத்தானை 3 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். அடுத்த முறை மூன்றரை மணிக்குள் ஓட வேண்டும் என்று ஆசை. வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறேன். ஆனால் கடந்த சில மாதங்களாக வேகம் கூடவே இல்லை.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் விளையாட்டு அறிவியல் ஆய்வகம் ஒன்றில் சோதனை செய்துகொண்டார். முகமூடி மாட்டி டிரெட்மில்லில் ஓடவிட்டு, இடையிடையே காது மடலில் குத்தி ரத்தம் எடுத்தார்களாம். அதற்கு ஆகும் செலவில் நல்ல ஷூ ஒன்றும் பந்தயக் கட்டணமும் அடங்கிவிடும். என் கைக்கடிகாரமே வி.ஓ.2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு) காட்டுகிறது. அது போதாதா? ஆய்வகத்துக்குப் போனால் கூடுதலாக என்ன தெரியும், அதை வைத்து என் பயிற்சியில் எதை மாற்ற முடியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைக்களம்

தம்பி, நான் பள்ளி மாணவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறவன். முகமூடி, ரத்தச் சொட்டு எதுவும் இல்லாமல் மாநிலப் போட்டிவரை பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறேன். ஓட்டக்காரனுக்கு நானூறு மீட்டர் தடமும் ஒரு ஸ்டாப்வாட்சும்தான் ஆய்வகம். மூன்றரை மணி நேரத்தில் ஓட வேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு என்ற வேகத்தில் நீண்ட நேரம் ஓடிப் பழக வேண்டும். இதைச் சொல்ல இயந்திரம் எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள்.

கென்யாவில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் எந்த ஆய்வகத்தைப் பார்த்தார்கள்?

மூச்சுக்கணக்கு

நான் இத்தகைய சோதனைகளைச் செய்யும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை. ஆள் பிடிக்க வரவில்லை.

ஐயா, உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். கென்யப் பிள்ளைகளை ஆய்வகம் பார்த்திருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பெங்க்ட் சால்டினும் குழுவினரும் கென்ய ஓட்டக்காரர்களையும் ஸ்காண்டிநேவிய ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டு அளந்து 1995-இல் வெளியிட்டார்கள். உச்ச ஆக்சிஜன் அளவில், அதாவது வி.ஓ.2 மேக்ஸில், இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே வேகத்தில் ஓட யாருக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்பட்டது என்பதில்தான் கென்யர்கள் முந்தினார்கள். அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. தடத்தில் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்திருந்தால், யார் முதலில் வந்தார்கள் என்பது தெரிந்திருக்கும். ஏன் வந்தார்கள் என்பது தெரிந்திருக்காது.

இனி விடியல் அவர்களுக்கு. நெடுந்தூர ஓட்டத்தில் ஆய்வகம் அளப்பவற்றுள் முக்கியமானவை மூன்று. உங்கள் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது வி.ஓ.2 மேக்ஸ். அந்த உச்சத்தில் எத்தனை சதவீதத்தை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைக் காட்டுவது லாக்டேட் வரம்பு (கடினமாக ஓடும்போது தசையில் உண்டாகி ரத்தத்தில் கூடும் பொருள் லாக்டேட்). ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பது ஓட்டச் சிக்கனம். மோட்டார் சைக்கிளில் மைலேஜ் பார்ப்பது போன்றது இது. அமெரிக்காவின் மைக்கேல் ஜாய்னர் 1991-இல் இந்த மூன்றையும் பெருக்கி, மூன்றிலும் தலைசிறந்த ஒரு மனிதர் இருந்தால் மாரத்தானை 1:57:58 நேரத்தில் ஓடலாம் என்று கணக்குப் போட்டார். அன்றைய உலகச் சாதனை 2 மணி 6 நிமிடத்துக்கும் மேல். அந்தக் கணக்கைப் பலரும் நம்பவில்லை. 2019-இல் வியன்னாவில் கென்யாவின் கிப்சோகே 1:59:40 ஓடிய பிறகு (அது சாதனைப் பட்டியலில் சேராத ஓட்டம் என்றாலும்) அதை நம்பாதவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கைக்கடிகாரம் மூச்சை அளப்பதில்லை. உங்கள் வேகத்தையும் இதயத் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் வி.ஓ.2 மேக்ஸ் சரிந்ததாக அது காட்டியிருக்கும், பாருங்கள். சரிந்திருக்காது. வெயிலில் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கடிகாரம் அதைத் தகுதிக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது.

விடியல்ஓட்டம்

உண்மைதான், ஏப்ரலில் மூன்று புள்ளி இறங்கியது. அதற்காகப் பயிற்சியைக் கூட்டினேன். சரி, அப்படியானால் வி.ஓ.2 மேக்ஸை மட்டும் சரியாக அளந்துகொண்டால் போதுமா?

மலர்விழி_டிரையத்லான்

போதாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) மூச்சு முட்ட ஓடவைத்து, வண்ணப் படங்களுடன் அழகான அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் எனக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய எண்ணே இல்லை. வி.ஓ.2 மேக்ஸ் இவ்வளவு, உங்கள் வயதுப் பெண்களில் நீங்கள் "மிக நன்று" என்று ஒரு பச்சைக் கட்டம். இதயத் துடிப்பு மண்டலங்களை (எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு துடிப்பு என்ற பிரிவுகளை) 220-இலிருந்து வயதைக் கழித்துப் போட்டிருந்தார்கள்! அந்தச் சூத்திரம் தனிமனிதருக்குப் பத்துத் துடிப்பு, சில சமயம் அதற்கும் மேலாகவே தவறிப்போகும். அதைப் போட உச்சத் துடிப்பை நேரில் அளந்த ஆய்வகம் எதற்கு?

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் சோதனையில் ஒவ்வொரு படிக்கும் உரிய வேகம், துடிப்பு, ஆக்சிஜன், லாக்டேட் எண்களைத் தருவார்களா? ஒரு படி எத்தனை நிமிடம்? கருவியைச் சோதனைக்கு முன் அளவு தெரிந்த வாயுவை வைத்துச் சரிபார்ப்பார்களா? முடிவை உட்கார்ந்து விளக்குவது யார்? இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

மூச்சுக்கணக்கு

மலர்விழி அவர்கள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. வி.ஓ.2 மேக்ஸ் என்ற ஒற்றை எண்ணை வைத்து மக்களை மகிழ்விப்பதும் பயமுறுத்துவதும் எனக்குக் கோபத்தை உண்டாக்கும் விஷயம். நார்வேயின் ஆஸ்கர் ஸ்வென்ட்சன் என்ற சைக்கிள் வீரருக்கு 2012-இல், 18 வயதில், 97.5 என்று அளந்தார்கள் (ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர்). பதிவானவற்றில் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. அந்த ஆண்டே இளையோர் உலகப் பட்டம் வென்றார். இரண்டே ஆண்டில் பந்தயத்தை விட்டு விலகிவிட்டார். மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன். 1969-இல் ஆன்ட்வெர்ப்பில் மாரத்தானை 2:08:33 நேரத்தில் ஓடி உலகச் சாதனை படைத்தவர். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் காஸ்டில் அவரை ஆய்வகத்தில் அளந்தபோது கிடைத்தது 70-க்கும் சற்றுக் குறைவு.

நான் எல்லாரிடமும் எடுத்துக்காட்டுவது பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் கதையை. பிரிட்டனின் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரைப் பதின்ம வயதிலிருந்தே தொடர்ந்து சோதித்து 2006-இல் விவரங்களை வெளியிட்டார். 1992-க்கும் 2003-க்கும் இடையில் ராட்கிளிஃபின் வி.ஓ.2 மேக்ஸ் ஏறவே இல்லை. ஏறத்தாழ 70 என்ற இடத்திலேயே நின்றது. அதை மட்டும் பார்த்த பயிற்சியாளர், பத்து ஆண்டு உழைப்பு வீண் என்று கைவிரித்திருப்பார். ஆனால் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட முதலில் ஒரு கிலோ எடைக்கு 205 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழித்த உடல், 2003-இல் 175 மில்லிலிட்டர்தான் செலவழித்தது. ஏறத்தாழ 15 சதவீதச் சேமிப்பு! அதே 16 கி.மீ. வேகம் முதலில் அவருடைய உச்சத்தில் 78 சதவீதம், பின்னர் 67 சதவீதம். லாக்டேட் வரம்பு வேகமும் 14-15 கி.மீ.யிலிருந்து 17.5-18.5 கி.மீ.க்குப் போனது. அந்த 2003 ஏப்ரலில்தான் லண்டனில் 2:15:25 ஓடினார்.

அந்தச் சேமிப்புக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் ஓடிய தூரம், வலிமைப் பயிற்சி, துள்ளல் பயிற்சி எல்லாம் சேர்ந்தது. ஆனால் பத்து ஆண்டாக ஒரே முறையில் அளந்துகொண்டே வந்ததால்தான், மாற்றம் எங்கே நடக்கிறது என்பது அவருக்கும் பயிற்சியாளருக்கும் தெரிந்தது.

நெல்லைக்களம்

ராட்கிளிஃப் கதை நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் உலகச் சாதனை படைத்தவர். இங்கே பேசுவது வேலைக்குப் போய்க்கொண்டு ஓடும் ஒருவரைப் பற்றி. தடத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியதை ஏன் விட வேண்டும்? தம்பி, நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில் 3,600 மீட்டரை முழு பலத்தோடு ஓடு. இன்னொரு நாள் 1,200 மீட்டர். இரண்டு நேரத்தையும் இங்கே போடு. அப்புறம் பேசுவோம்.

லாக்டிக் அமிலம் தேங்கித்தான் கால் மரத்துப்போகிறது. அது எப்போது தேங்குகிறது என்று ஓடுகிறவனுக்கே தெரியும், அதற்கும் ரத்தம் தேவையில்லை.

பெர்கன்வாசி

நார்வேயிலிருந்து எழுதுகிறேன். ஐயா, லாக்டேட் பற்றிய அந்தக் கருத்து மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து காட்டிவருவது என்னவென்றால், லாக்டேட் கழிவு அல்ல, எரிபொருள். ஒரு தசையில் உண்டாவதை இதயமும் மற்றத் தசைகளும் எடுத்து எரிக்கின்றன. ரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது என்றால் உண்டாகும் வேகம் எரிக்கும் வேகத்தை மிஞ்சிவிட்டது என்று பொருள். அதனால்தான் அது நல்ல அடையாளம்.

இங்கே ஓட்டக்காரர்களின் பையில் லாக்டேட் மீட்டரைப் பார்ப்பது அரிதல்ல. வெளியூரில் பலர் நினைப்பதற்கு மாறாக, இன்னும் வேகமாக ஓட அல்ல, வேகத்தைக் கட்டுப்படுத்தவே அதைப் பயன்படுத்துகிறார்கள். 5,000 மீட்டரை 13:06 நிமிடத்தில் ஓடிய மாரியஸ் பாக்கன் தன்னையே ஆயிரக்கணக்கான முறை குத்திப் பார்த்து வகுத்த முறை இது. வரம்புப் பயிற்சி என்றால் ஒரு லிட்டர் ரத்தத்தில் 4 மில்லிமோல் லாக்டேட் என்று பழைய ஜெர்மன் பயிற்சி மரபு சொல்லிவந்தது. பாக்கன் அதற்கு வெகு கீழே, 3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிறுத்திக்கொண்டு, அதே நாளில் காலையும் மாலையும் இரண்டு முறை ஓடினார். நார்வேயின் ஓட்ட வீரர்களான இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்களின் பயிற்சியும் இந்த வழியில் வந்ததுதான். அவர்களுள் ஜேக்கப் டோக்கியோவில் 1,500 மீட்டரிலும் பாரிசில் 5,000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். டோக்கியோவில் டிரையத்லான் தங்கம் வென்ற கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட் எங்கள் ஊர்க்காரர். அவர்கள் குழு அளக்காத பொருளே இல்லை.

பெரும்பாலான பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடுகிறார்கள். விடியல் அவர்களே, உங்கள் எளிய ஓட்டம் என்ன வேகத்தில்?

விடியல்ஓட்டம்

எளிய ஓட்டம் கிலோமீட்டருக்கு 5:40 அளவில். பேசிக்கொண்டே ஓட முடியும், ஆனால் நீளமான வாக்கியம் வராது.

நெல்லை ஐயா, சொன்னபடி இரண்டையும் ஓடிவிட்டேன். 1,200 மீட்டர் 4 நிமிடம் 50 விநாடி. 3,600 மீட்டர் சரியாக 16 நிமிடம். இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் புல்லில் படுத்துவிட்டேன்.

நெல்லைக்களம்

நன்று. இப்போது கணக்கைப் பார். தூர வித்தியாசம் 2,400 மீட்டர், நேர வித்தியாசம் 670 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 3.58 மீட்டர், அதாவது மணிக்கு 12.9 கி.மீ. உன் உடல் சமநிலையோடு தாங்கக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ அதுதான். அதைத் தாண்டினால் கையிருப்பு கரையத் தொடங்கும். அந்த எல்லைக்கு மேல் ஓட உனக்குள்ள கையிருப்பு 160 மீட்டர்.

நீ மாரத்தான் ஓடிய சராசரி வேகம் 10.9 கி.மீ. அது 12.9-இல் 85 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மூன்றரை மணி ஓட 12.05 கி.மீ. வேண்டும். அது 93 சதவீதம். இரண்டரை மணியில் மாரத்தான் முடிப்பவர்கள் பிடிக்கும் விகிதம் அது. உன்னால் இப்போது முடியாது, தம்பி. மனம் நோகச் சொல்லவில்லை, ஜனவரியில் முப்பதாவது கிலோமீட்டரில் நீ நடக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு தெரிந்தது, பார்த்தாயா?

மூச்சுக்கணக்கு

ஐயாவின் கணக்கை மனதாரப் பாராட்டுகிறேன். பிரான்சின் மோனோவும் ஷெரரும் 1965-இல் ஒற்றைத் தசைக் குழுக்களில் தொடங்கிய கருத்து இது. இரண்டு ஓட்டத்தோடு மூன்றாவதாக 2,400 மீட்டரும் சேர்த்தால் இன்னும் உறுதிப்படும். இதை முடிக்காமல் எவரும் ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் ஐயா, இடைவெளி எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிட்டது. இடைவெளி எதனால் என்பதைச் சொல்லவில்லை. இதே 12.9 கி.மீ. வேகத்தை ஒருவர் பெரிய வி.ஓ.2 மேக்ஸும் மோசமான சிக்கனமும் கொண்டு எட்டியிருக்கலாம். இன்னொருவர் சிறிய வி.ஓ.2 மேக்ஸும் நல்ல சிக்கனமும் கொண்டு எட்டியிருக்கலாம். இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் ஒருவருக்குத்தான் பலன் கிடைக்கும். விடியல் அவர்கள் ஐந்து நாள் ஓடியும் நகராமல் நிற்கிறார். முகமூடி அவருக்குப் பயன்படப் போவது இந்த இடத்தில்தான்.

போவதாக முடிவெடுத்தால் கவனிக்க வேண்டியவை சில. முந்தைய இரண்டு நாள் கடினப் பயிற்சி வேண்டாம். வழக்கம்போல் சோறும் இட்லியும் சாப்பிடுங்கள். சர்க்கரைச் சத்து குறைந்த உடலோடு வந்தால் லாக்டேட் குறைவாகக் காட்டும், வரம்பு உயர்ந்துவிட்டது போன்ற பொய்த் தோற்றம் வரும். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு சோதனைக்கு வந்து "முன்னேறிவிட்டேன்" என்று மகிழ்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். காது மடலை ஒவ்வொரு முறையும் துடைத்து, முதல் துளியை விட்டு அடுத்த துளியை எடுக்கிறார்களா என்று பாருங்கள். வியர்வையிலேயே லாக்டேட் உண்டு, அது கலந்தால் எண் எகிறும். பந்தயத்தில் அணியும் ஷூவையே அணியுங்கள். கொலராடோ ஆய்வகத்தில் நைக்கியின் தடித்த அடிப்பாக ஷூவை அளந்தபோது சராசரியாக 4 சதவீதம் ஆற்றல் மிச்சமானது. சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். டிரெட்மில்லில் காற்றுத் தடை இல்லாததால் 1 சதவீதம் ஏற்றம் வைக்கச் சொல்லுங்கள். 1996-இல் ஜோன்சும் டவுஸ்ட்டும் அளந்து சொன்னது அது.

மருத்துவர்_செவ்வந்தி

இடையில் ஒரு வார்த்தை. 41 வயது, உச்சம்வரை ஓடும் சோதனை. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஓடும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம் எதுவும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்து போன உடனே சோதனைக்குப் போகவே வேண்டாம்.

விடியல்ஓட்டம்

மருத்துவரைப் பார்த்துவிட்டேன், எல்லாம் சரி. சோதனையையும் முடித்துவிட்டேன். நான்கு நிமிடப் படிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கி.மீ. கூட்டினார்கள். பிறகு ஓய்வு, பிறகு முடியும்வரை ஓட்டம். மலர்விழி அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்டதும் எண்கள் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள்.

வி.ஓ.2 மேக்ஸ் 51. முதல் வரம்பு, அதாவது லாக்டேட் அடிமட்டத்திலிருந்து எழத் தொடங்குவது, மணிக்கு 10.3 கி.மீ. வேகத்தில், இதயத் துடிப்பு 148. இரண்டாவது வரம்பு, அதாவது லாக்டேட் வேகமாகக் கூடத் தொடங்குவது, 12.6 கி.மீ., துடிப்பு 168. மணிக்கு 11 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சிக்கனம், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 225 மில்லிலிட்டர். இது நல்லதா, கெட்டதா?

மூச்சுக்கணக்கு

உங்கள் பிரச்சினை அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. 41 வயதில் 51 என்பது மூன்றரை மணி மாரத்தானுக்குத் தாராளமாகப் போதும். நெல்லை ஐயாவின் ஸ்டாப்வாட்ச் 12.9 சொன்னது, ஆய்வகம் 12.6 சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் 225 என்பது அதிகச் செலவு. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களில் பலர் 200-க்கும் 210-க்கும் இடையில் இருப்பார்கள்.

கணக்காகப் பாருங்கள். மணிக்கு 11 கி.மீ. ஓடும்போது நீங்கள் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 41 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறீர்கள், உங்கள் உச்சத்தில் 81 சதவீதம். சிக்கனம் 210-க்கு வந்துவிட்டால் அதே ஆக்சிஜனில் மணிக்கு 11.8 கி.மீ. ஓடலாம். அது 3 மணி 35 நிமிட மாரத்தான். வி.ஓ.2 மேக்ஸ் ஒரு புள்ளிகூட ஏறத் தேவையில்லை.

நீங்கள் வி.ஓ.2 மேக்ஸை ஏற்றக் கூட்டிய வேக இடைவெளிப் பயிற்சிகளைக் குறைத்துவிடலாம். வாரம் இருமுறை எடைப் பயிற்சியும் துள்ளல் பயிற்சியும் சேருங்கள். பின்லாந்தில் பாவோலைனனும் குழுவும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்ட நேரத்தில் ஒரு பகுதியை வெடிப்பு வலிமைப் பயிற்சிக்கு மாற்றிய வீரர்கள் ஒன்பது வாரத்தில் 5 கி.மீ. நேரத்தைக் குறைத்தார்கள். சிக்கனம் கூடியது, வி.ஓ.2 மேக்ஸ் அசையவில்லை. அது பயிற்சியில் ஊறிய வீரர்களிடம் கண்டது. உங்களுக்கு 225-இலிருந்து 210 வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். இந்த ஜனவரிக்கு 3:42 என்று வைத்துக்கொண்டால் நேர்மையான இலக்கு.

பெர்கன்வாசி

நான் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் முதல் வரம்பு 10.3 கி.மீ., கிலோமீட்டருக்கு 5:50. எளிய ஓட்டம் என்று நீங்கள் ஓடியது 5:40. ஒவ்வொரு எளிய நாளும் வரம்புக்கு மேலேயே கழிந்திருக்கிறது! 6:20-க்கு இறங்குங்கள். கால் தேறும், தூரத்தைக் கூட்டலாம், அதுவும் சிக்கனத்தை வளர்க்கும்.

மலர்விழி_டிரையத்லான்

இன்னொன்று. குளிர்சாதன அறையில் கிடைத்த 148 துடிப்பை மே மாதக் கடற்கரைச் சாலையில் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். அங்கே அதே துடிப்பில் வேகம் குறையும், அது இயல்பு. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறையும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. குடித்த நீரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சென்னை ஓட்டக்காரருக்கு இந்த எண் வி.ஓ.2 மேக்ஸைவிடப் பயன்படும்.

சோதனை நடந்தது தளர்ச்சியில்லாத கால்களோடு என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அந்த எண்கள் எவ்வளவு சரிகின்றன என்பது தனி விஷயம். ஜோன்சே இப்போது அதை நான்காவது அளவாகச் சேர்க்க வேண்டும் என்கிறார். அதற்கு நீண்ட ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் துடிப்பையும் வேகத்தையும் குறித்துவைத்து ஒப்பிடுங்கள்.

நெல்லைக்களம்

தம்பி கால் எங்கே செலவழிக்கிறது என்பது தடத்தில் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அந்த அளவுக்கு இந்தச் சோதனை பயன்பட்டது, மகிழ்ச்சி.

மூச்சுக்கணக்கு அவர்களிடம் என் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கிறேன். 15 வயதுப் பெண் ஒருத்தி, 3,000 மீட்டர் ஓடுபவள். சென்ற ஆண்டு நல்ல முன்னேற்றம். இந்த ஆண்டு பயிற்சி குறையவில்லை, நேரம் மட்டும் பின்னால் போகிறது. இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது. ஊரில் சிலர் சேர்ந்து பணம் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறார்கள். அனுப்பலாமா?

மூச்சுக்கணக்கு

வேண்டாம் ஐயா. முதலில் அவளுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து போவது அதுதான். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் தொடங்கிய வயதும் கடினப் பயிற்சியும் சேர்ந்தால் இரும்புச் சத்து வேகமாகக் குறையும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அந்தப் பக்கமே காட்டுகின்றன. முடிந்தால் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஊரார் போடும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்.

மருத்துவர்_செவ்வந்தி

ஹீமோகுளோபின் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள், ஐயா. இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவையும் காலத்தையும் மருத்துவர் முடிவு செய்யட்டும், குடற்புழு மருந்தையும் அவரிடமே கேளுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், டீ இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லவை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, அதிகப் போக்கு இருக்கிறதா என்று அவள் அம்மா மூலம் கேளுங்கள். முடிவு வரும்வரை வேகப் பயிற்சியை நிறுத்திவையுங்கள்.

நெல்லைக்களம்

திங்கட்கிழமை காலையில் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். மற்ற ஏழு பெண்களையும் கூட்டிப் போகிறேன். எண்கள் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.